நடுவில் புகுந்த மெய்

லெவோச்சா ஆவணக் காப்பகத்தில் ஹீட்டர்
பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும்.
கையுறையோடே தாள் புரட்டுகிறாள் ஜோஃபியா.
எதிரே, கோஷித்சேயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த
ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒந்த்ரேய் ஹ்லவாட்டி,
தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்தபடி.
மூன்றாம் மேசையில், வேறு எதற்கோ வந்து
வேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கும் நான்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று, மே இரண்டு.
பங்குத்தந்தை பெத்னாரின் சாய்ந்த கையெழுத்து,
மை பழுத்து வெல்லப்பாகு நிறம்.
அப்போலோனியா, ஃபிலியா போஸ்த்ஹுமா.

“ஃபிலியா, மகள்.”
“அது தெரியும். மற்றது?”
“தகப்பன் போனபின் பிறந்தவள்.”

தகப்பன் இன்னொரு புத்தகத்தில் இருக்கிறான்:
பிப்ரவரி ஒன்பது, வெட்டிய மரம் திரும்பிச் சாய்ந்து,
வயது இருபத்தாறு.

இந்தச் சொல் பிறந்தபோது
இதில் சாவே இல்லை என்கிறாள் ஜோஃபியா.
போஸ்த் என்றால் பின். அவ்வளவுதான்.
பின், பிந்திய, இன்னும் பிந்திய என்று
படியேறிப் போய் உச்சிப்படியில்
போஸ்துமுஸ்: கடைசி.
வயிற்றில் கடைசியாய்த் தங்கிய கடைக்குட்டி.
கடைக்குட்டிகள் சிலர் பிறக்குமுன்பே
அப்பா போய்விடுவதைப் பார்த்த எவனோ ஒருவன்
ஹூமுஸ், மண், என்ற சொல்லை மனதில் வைத்து
நடுவில் ஒரு ஹ செருகிவிட்டான்.

வாய் அதைச் சொல்வதில்லை.
எழுத்தில் மட்டும் கிடக்கிறது,
உயிர் ஏறாத மெய்.
சொல்லுக்குள் ஒரு பிடி மண்.
தப்புத்தான்.
நூற்றாண்டு நூற்றாண்டாய்
அதைத் தோண்டி எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எங்கள் பெயரடை இப்படி அலையாது.
நல்ல மகன், நல்ல மகள், நல்ல உப்பு, நல்ல சாவு.
நல்ல என்பது நின்ற இடத்தில் நின்றபடி
எல்லாரையும் ஒன்றாகப் பார்க்கும்.
லத்தீன் பெயரடைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
மகனென்றால் உஸ், மகளென்றால் ஆ,
மகளை என்றால் நுனியில் ஒரு ம்.
பெயர் எந்த வேற்றுமைக்குப் போனாலும்
கூடவே சட்டை மாற்றிக்கொண்டு
கிளம்ப வேண்டும்.

ஜோஃபியா விளக்கைச் சாய்க்கிறாள்.
“இங்கே பாருங்கள்.”

ஆ இருக்கும் இடத்தில் தாள் மெலிந்திருக்கிறது.
கத்தியால் சுரண்டிய தடம்.
அடியில் இன்னும் மூச்சு விடுகிறது ஓர் உஸ்.

“ஆண்பிள்ளை என்று முதலில் எழுதியிருக்கிறார்.”
“கேட்டுத்தானே எழுதியிருப்பார்?”
“தாய் அப்படிச் சொல்லியிருக்கலாம்.
குளிர், போர்வைச் சுருணை, அவசரம்.
எனக்குத் தெரியாது.”

ஹ்லவாட்டி வெகுநேரம் அந்த மெலிந்த இடத்தைப் பார்க்கிறார்.
கணவன் பெயரை இன்னொருவன் சுமப்பான் என்று
ஒரு பெண்
அரைநாளாவது நம்பியிருக்கலாம்.
அல்லது பங்குத்தந்தைக்குத் தூக்கக்கலக்கம்.

பிறகு, கோட்டுப்பையிலிருந்து
நான்காய் மடித்த வம்சத் தாளை விரிக்கிறார்.
மேலே அப்போலோனியா. கிளைகள், பிள்ளைகள், போர்கள்.
அடிமூலையில் அவர் பெயர்.
அதற்குக் கீழே வெள்ளை.

“இருபத்தெட்டு வருஷம்
ராத்திரிக் கடைசி வண்டி என்னுடையதுதான்.
டிப்போ வரை பெரும்பாலும் காலி.”
சிரிக்கிறார். பென்சிலை நாவில் தொடுகிறார்.
“ஆணுக்கு உஸ்தானே?”
“ஆமாம்.”
“அந்த ஹ?”
“உங்களுக்கு வேண்டாம்.”

நிதானமாக எழுதுகிறார்,
போஸ்துமுஸ்,
த்-வுக்கும் உ-வுக்கும் நடுவில்
மண் ஏதும் விழாமல்.

நகலுக்கு இரண்டு யூரோ.
சில்லறை எண்ணும்போது ஹீட்டர் ஒருமுறை செருமி
சூடாகத் தொடங்குகிறது.